விதைக்கு வைத்தது போக

தம்பி,

கடிதத்தின் தலையில் உனக்கு ஆசீர்வாதம் எழுதிவிட்டுத்தான் மற்றதைத் தொடங்குவது என் வழக்கம். இன்றைக்கு அந்த இடத்தை வெறும் தாளாக விட்டிருக்கிறேன். மறதியில்லை. நீ கேட்டிருப்பது உன் அப்பாவின் வார்த்தை. அவர் இன்னும் வாய் திறக்கவில்லை. என்னுடையதை மட்டும் எழுதி அனுப்பினால் அது உனக்குப் பாதி ஆசீர்வாதம்தான், பாதியோடு நீ கப்பலேற மாட்டாய் என்பதும் எனக்குத் தெரியும். ஆலங்குடியிலிருந்து தபால் பஸ் கிளம்புவதற்குள் அவர் மனம் இறங்கினால் அந்த இடம் நிரம்பும். இறங்காவிட்டால் வெற்றுத் தாளாகவே உன் கைக்கு வரும், நீயே புரிந்துகொள்.

உன் கடிதம் வந்ததிலிருந்து இந்த வீட்டில் அடுப்பு எரிகிறது, மாட்டுக்குத் தண்ணீர் காட்டுகிறோம், அவ்வளவுதான். நீ வேலை பார்க்கிற வர்த்தக இலாகாவிலிருந்து சிலரை ஜெனீவாவுக்கு அனுப்புகிறார்கள், பல தேசத்தார் அங்கே கூடி யார் சாமானுக்கு யார் வரி குறைப்பது என்று பேசி ஒப்பந்தம் செய்யப் போகிறார்கள், பெரிய உத்தியோகஸ்தர்களுக்குப் பின்னால் காகிதக் கட்டோடு உட்காருகிற ஆட்களில் நீயும் ஒருவன் என்று எழுதியிருந்தாய். நான் பெருமையாகத்தான் படித்துக்கொண்டு வந்தேன். எண்ணெய் வித்துகளைப் பற்றிக் குறிப்பு எழுதுகிற வேலை உன்னுடையது என்ற வரி வந்ததும் படிப்பதை நிறுத்திவிட்டேன். அப்பா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "நிலக்கடலையுமா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். துண்டை உதறிக் கொடியில் போட்டுவிட்டுக் களத்துப் பக்கம் போய்விட்டார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை நான் எடுக்கும்போதெல்லாம் அவருக்கு மாட்டுக்கொட்டகையில் ஏதாவது வேலை வந்துவிடுகிறது.

உன் கடிதத்தில் இன்னொரு வார்த்தை இருந்தது. "மொத்தத்தில் தேசத்துக்கு லாபம்" என்று எழுதியிருந்தாய். படித்த பிள்ளை, கணக்குப் பார்த்துத்தான் எழுதியிருப்பாய். உன்னோடு வாதாட எனக்குப் படிப்பில்லை, ஐந்தாம் வகுப்போடு என்னை நிறுத்திவிட்டார்கள். ஆனால் அந்த 'மொத்தத்தில்' என்ற வார்த்தை நாலைந்து நாளாக என் பல்லில் சிக்கிக்கொண்டு கிடக்கிறது. அதைச் சொல்லாமல் உன்னை அனுப்பினால் நான் பெற்றவள் இல்லை. கோபத்தில் எழுதுகிறேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள். கொஞ்சம் கோபமும் இருக்கிறது.

உன் அப்பாவின் பேச்சு அடங்கிப்போன அந்த வருஷம் நீ புதுக்கோட்டையில் அத்தை வீட்டில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாய். லீவுக்கு வந்தவன், "ஏன் ஆத்தா, அப்பாவுக்கு ஒடம்பு சரியில்லையா?" என்று கேட்டாய். "வெயிலு" என்றேன். இத்தனை வருஷமாக அந்த வெயிலோடேயே உன்னை விட்டுவைத்தேன். படிக்கிற பிள்ளையின் காதில் இதெல்லாம் எதற்கு என்று அப்போது பட்டது.

நம்பினால் நம்பு, உன் அப்பா அந்தக் காலத்தில் வாய் ஓயாத மனுஷர். ஆலங்குடிச் சந்தைக்குப் போனால் பத்திரிகை வாங்காமல் திரும்ப மாட்டார். மாடு தன்பாட்டுக்கு வழி பார்த்து நடக்கும், இவர் வண்டிக்குள் உட்கார்ந்து பத்திரிகை படித்துக்கொண்டு வருவார். சாயங்காலம் களத்தில் தெருக்காரர்களைக் கூட்டிவைத்துக்கொண்டு சீனாவில் சண்டை, சீமையில் ராஜா, சென்னைப் பட்டணத்தில் கடலை விலை என்று எல்லாவற்றையும் அளப்பார். நான் உலையை வைத்துக்கொண்டு, "சீமை ராஜா வந்து கஞ்சி ஊத்துவாரா, வாங்க சாப்புட" என்று கத்துவேன். சிரித்துக்கொண்டே வருவார். தெருக்காரர்கள் விளைவிக்கிற கடலையை எல்லாம் சேர்த்து, அதைக் கப்பலேற்றுகிற கம்பெனி ஆளிடம் பேசி முடிக்கிற பொறுப்பு அவருடையது. அவர் 'சரி' என்று சொன்னால் மேலவீட்டுப் பெரியப்பா உட்பட ஒருத்தரும் மறுகேள்வி கேட்பதில்லை. உன் பெரியப்பா வயதில் மூத்தவர், கோபக்காரர், யாருக்கும் அடங்காதவர். அவரே அப்படி.

பேரம் எப்படி நடக்கும் என்று நீ சின்ன வயதில் பார்த்திருப்பாய். இரண்டு பேரும் வலது கையை நீட்டுவார்கள், அதன் மேல் துண்டைப் போட்டு மூடிக்கொள்வார்கள். விலையெல்லாம் துண்டுக்கு அடியில் விரலால்தான். இத்தனை விரலைப் பிடித்தால் இத்தனை என்று கணக்கு. கையை உதறினால் பேச்சு முறிந்தது. முழுக் கையையும் சேர்த்துப் பிடித்தால் முடிந்தது. சுற்றி நிற்கிறவர்களுக்குத் துண்டு அசைவது மட்டும்தான் தெரியும். தன் கடலைக்கு என்ன விலை என்று துண்டு விலகிய பிறகுதான் கடலைக்காரனே தெரிந்துகொள்வான்.

ஒட்டாவா ஒப்பந்தம் என்று பத்திரிகையில் வந்தது அந்தக் காலத்தில்தான். கனடா தேசத்தில் ஏதோ ஒரு ஊரில், இங்கிலீஷ்காரன் கொடிக்குக் கீழே இருக்கிற தேசங்கள் கூடித் தங்களுக்குள் வரியைக் குறைத்துக்கொண்டன என்று அப்பா படித்துக் காட்டினார். மற்ற தேசத்துக் கடலை இங்கிலாந்துக்குள் போனால் வரி உண்டு, நம் கடலைக்குக் கிடையாது. பதிலுக்கு அவன் அனுப்புகிற சாமான்கள் பலவற்றுக்கு நாம் வரி குறைக்க வேண்டும். முதல் வருஷம் ஒன்றும் பெரிதாக நடக்கவில்லை. அடுத்த வருஷமும் பத்திரிகை நல்ல வார்த்தைதான் எழுதியது. அந்தத் தை மாதம் கம்பெனி ஆள் சந்தைக்கு வந்து துண்டுக்குள் கையை நீட்டினான். வழக்கமாகப் பிடிக்கிறதைவிட ஒரு விரல் கூடப் பிடித்தான். "இருக்கறதப் பூராவும் கொண்டாங்க. இங்கிலாந்துல கதவத் தொறந்து வச்சிருக்கான்" என்றான். உன் அப்பா முழுக் கையையும் சேர்த்துப் பிடித்துவிட்டு வந்தார்.

அன்று சாயங்காலம் களத்தில் ஒரு கல்யாண வீட்டுக் கூட்டம். ஆடிப் பட்டத்தில் விதைப்பதற்காக ஒவ்வொரு வீட்டிலும் குதிரில் காயாகவே கடலை எடுத்து வைத்திருப்போம். ஓட்டோடு இருந்தால்தான் அது விதை. உடைத்துப் பருப்பாக்கிவிட்டால் ஆடிவரைக்கும் முளைப்பு நிற்காது. விதைக் குதிரில் கை வைப்பது எங்கள் பக்கத்தில் வழக்கமே இல்லை, பட்டினி கிடந்தாலும் வைக்க மாட்டோம். அன்றைக்கு வைத்தோம். இவ்வளவு விலை இனி எப்போது வரும், விதைக்கு வேண்டியதைச் சித்திரையில் வெளியூரில் சல்லிசாக வாங்கிக்கொள்ளலாம் என்று ஒருத்தர் சொல்ல, எல்லாரும் பிடித்துக்கொண்டார்கள். பெரியப்பாதான் கொஞ்சம் தயங்கினார். "வெதையயும் ஒடைக்கவாப்பா? நீ என்ன சொல்ற?" என்று உன் அப்பாவைக் கேட்டார். இவர், "சரிண்ணே, ஒடைங்க" என்றார்.

மறுநாளே தெருப் பெண்கள் எல்லாரும் நம் களத்துக்கு வந்துவிட்டோம். காயைக் குவித்துத் தண்ணீர் தெளித்தோம். தெளித்தால் ஓடு இளகும், அடித்தால் சுலபமாக உடையும், பருப்பும் கொஞ்சம் கனம் காட்டும். கடலை விளைகிற ஊரில் எல்லாரும் செய்கிற காரியம்தான் இது. குடத்தைத் தூக்கித் தெளித்தவளில் நானும் ஒருத்தி, அதற்காக யாரிடமும் தலை குனிய மாட்டேன். ஒவ்வொரு வருஷமும் அப்படித்தான் தெளித்தோம், மூட்டை உடனுக்குடனே வண்டியேறி, புதுக்கோட்டையில் ரயிலேறித் துறைமுகத்துக்குப் போய்விடும், ஈரம் எங்களோடு தங்கியதில்லை. அந்த வருஷம் மூட்டை போகவில்லை.

கம்பெனி ஆள் இன்றைக்கு வண்டி வரும், நாளைக்கு வண்டி வரும் என்றான். பிறகு ஆளையே காணோம். அப்பா துறைமுகம் வரைக்கும் போய்க் கேட்டுவிட்டு வந்தார். திறந்து வைத்த கதவின் கதை அங்கேதான் தெரிந்தது. இங்கிலாந்துக்காரன் நமக்கு வரி இல்லை என்றது மெய்தான். ஆனால் அவன் ஊர் ஆலை எவ்வளவுதான் ஆட்டும்? நம் கடலையில் பெரும்பங்கை வாங்கிக்கொண்டிருந்தவர்கள் ஜெர்மன்காரனும் பிரெஞ்சுக்காரனும் அல்லவா! 'என்னிடம் யார் சாமான் வாங்குகிறானோ அவனிடம்தான் நானும் வாங்குவேன்' என்று ஜெர்மன்காரன் கதவைச் சாத்திக்கொண்டான். நாம்தான் இங்கிலாந்துச் சாமானுக்கு வரியைக் குறைத்து அதையே வாங்கத் தொடங்கிவிட்டோமே, அவனிடம் எங்கே வாங்குவது? அது ஒன்றுதான் காரணம் என்று நான் சாதிக்கவில்லை. உலக வியாபாரமே படுத்துக் கிடந்த காலம் என்று நீ சொல்வாய், அதுவும் சரியாக இருக்கும். ஆனால் திறந்த கதவைப் பற்றிப் பத்திரிகை எழுதியது, சாத்தப்போகிற கதவைப் பற்றி எங்களுக்கு யாரும் எழுதவில்லை. இன்றுவரைக்கும் எனக்கு ஆறாத கோபம் அதுதான்.

பங்குனி பிறந்ததும் களத்துப் பக்கம் போனாலே ஒரு வாடை அடித்தது. மூட்டைக்குள் கையை விட்டால் சூடு. பிரித்துக் காயவைத்தோம், பெண்களெல்லாம் உட்கார்ந்து புடைத்தோம், பூஞ்சணம் பிடித்ததைப் பொறுக்கி எறிந்தோம். கடைசியில் ஒருநாள் கம்பெனியிலிருந்து வேறு ஒரு ஆள் வந்தான். ஒரு மூட்டையைக் குத்திப் பருப்பை உள்ளங்கையில் எடுத்தான், மோந்தான், கீழே போட்டான். வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டான். "காறல் அடிக்குதுங்க. காய்ச்சல் பத்தல. இத எவன் கப்பல்ல ஏத்துவான்?" என்றான். அவன் சொன்னதில் பொய் ஒன்றுமில்லை. அவனும் சம்பளத்துக்கு வந்தவன். உன் அப்பா அந்தப் பருப்பைப் பொறுக்கி மறுபடியும் மூட்டைக்குள்ளேயே போட்டார். எனக்கு அழுகை வந்தது அதைப் பார்த்துத்தான்.

நட்டத்தைக்கூட விழுங்கிக்கொள்ளலாம். ஆடியில் மழை இறங்கியது, அதுதான் பெரிய சோதனை. அதற்கு முன்னும் பின்னும் அப்படி ஒரு மழையை நான் பார்க்கவில்லை. செம்மண் நனைந்து உழவுக்கு வா வா என்று கூப்பிடுகிறது, ஒரு வீட்டிலும் விதை இல்லை. வெளியூரில் வாங்கலாம் என்றார்களே, கீரமங்கலம் பக்கம், அறந்தாங்கிப் பக்கம் எல்லாம் அலைந்து பார்த்தார்கள். அங்கேயும் பத்திரிகை படிக்கிறவர்கள் இருந்திருக்கிறார்கள். அங்கேயும் குதிர் காலி. எங்கேயோ கொஞ்சம் வைத்திருந்தவன் வானத்துக்கு விலை சொன்னான். தெருவே திரண்டு நம் களத்துக்கு வந்தது. யாரும் கூச்சல் போடவில்லை. பெரியப்பா மட்டும் முன்னால் வந்து நின்றார். "பணம் வேண்டாம்ப்பா. எனக்குக் காயாக் குடு. நான் குடுத்த காயக் குடு" என்றார். உடைத்த கடலையை எப்படிக் காயாக்குவது? இவர் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர்கள் ஒவ்வொருவராகக் கலைந்து போனார்கள்.

அந்த வருஷம் பாதி நிலம் தரிசு. மிச்சத்தில் கம்பும் வரகும் தூவினோம். பெரியப்பா வீட்டில் அதற்கும் வழியில்லாமல் போக, அவர் மகன் முருகேசன் கோட்டைப்பட்டினத்துக்கு நடந்து போய்த் தோணி ஏறிவிட்டான். உன்னை முதுகில் சுமந்து ஊரணியில் நீச்சல் பழக்கிய முருகேசண்ணன்தான். இலங்கையில் தோட்ட வேலை, மாசியில் வந்து விதை வாங்கித் தருகிறேன் என்று ஆத்தாளிடம் சொல்லிவிட்டுப் போனான். அங்கே மலைக்காய்ச்சல் ஊரை வாரிக்கொண்டு போன வருஷம் அது. மாசிக்கு அவன் வரவில்லை, அவனோடு போனவன் மட்டும் வந்தான், அவன் கையில் முருகேசனுடைய துண்டு இருந்தது. ஊரில் உனக்கு, "அண்ணன் எலங்கையிலேயே தங்கிட்டான்" என்று சொன்னார்கள். அதுவும் நிஜம்தான்.

அன்றிலிருந்து உன் அப்பா பத்திரிகை வாங்குவதில்லை. சந்தைக்குப் போவார், சாமான் வாங்குவார், யாராவது கையை நீட்டினால் தன் கையைப் பின்னால் கட்டிக்கொள்வார். 'சரி' என்ற சொல்லையே அவர் வாயிலிருந்து நான் கேட்டதில்லை. சோறு போடட்டுமா என்றால் இலையை நகர்த்துவார். உன்னைக் காலேஜில் சேர்க்கலாமா என்று கேட்டபோது எழுந்து போய்ப் பெட்டியிலிருந்து என் சங்கிலியை எடுத்துக் கொடுத்தார், பேசவில்லை. டில்லி வேலைக்குப் போகிறேன் என்று நீ வந்து காலில் விழுந்தாயே, தலையில் கை வைத்தார், வாயைத் திறந்தாரா? உன்மேல் வருத்தம் என்று நினைத்து நீ ரயிலில் அழுதுகொண்டே போனாயாம். பைத்தியக்காரா. அவருக்குத் தன் நாக்கின்மேல் பயம்.

ஒப்பந்தம் என்றாலே கெட்டது என்று உன் ஆத்தாள் சொல்கிறாள் என்று முடிவு கட்டிவிடாதே. அவ்வளவு மட்டியில்லை நான். ஜப்பான்காரன் துணி மலிவாக வந்து இறங்கிய காலத்தில் நானும் ஆசையாக வாங்கினேன், நம் தெருவில் மாற்றுச் சேலை இல்லாதவளுக்கெல்லாம் ஒரு மாற்றுச் சேலை கிடைத்தது. தறிக்காரர்கள் வாயில் அடித்துக்கொண்டார்கள். பிறகு ஜப்பானோடு ஒரு ஒப்பந்தம், அவன் இத்தனை பஞ்சு வாங்கினால் நாம் இத்தனை துணியை விடுவோம் என்று. பஞ்சு விளைத்தவன் பிழைத்தான், மில்காரன் மூச்சு விட்டான், சேலை வாங்கப் போனவள் விலையைக் கேட்டுவிட்டுத் திரும்பி வந்தாள். இவர்கள் எல்லாரும் ஒரே தேசம்தானே? ஒரே வீட்டுக்குள்ளேயே கடலை விற்ற கை நட்டப்படும், துணி வாங்கிய கை லாபப்படும். நீ இரண்டையும் கூட்டிக் கழித்து 'மொத்தத்தில்' என்கிறாய். கூட்டுவது தப்பில்லை தம்பி. கூட்டுகிறபோது ஓர் ஆள் விழுந்துவிட்டால் அது உன் காகிதத்தில் தெரியாது, அதுதான் என் பயம். வெள்ளைக்காரன் போகப் போகிறான் என்கிறார்கள். இனிமேல் விழுகிற ஆளுக்கு அவனைக் கைகாட்ட முடியாது. நம் பிள்ளைகளைத்தான் கைகாட்டுவார்கள். உன்னைக் காட்டுவார்கள்.

இதுவரைக்கும் எழுதிவிட்டுப் பேனாவை வைத்தேன். வாசலில் செருப்புச் சத்தம். மேலவீட்டுப் பெரியப்பா. அந்த ஆடிக்குப் பிறகு நல்லது கெட்டதுக்குத் தவிர இந்த வாசலை மிதிக்காதவர், நல்ல வெயிலில் தடியை ஊன்றிக்கொண்டு வந்து நிற்கிறார். உன் சமாசாரம் ஊருக்குத் தெரியாமல் இருக்குமா? தபால்காரரே பாதியைச் சொல்லியிருப்பார். அப்பா களத்தில் கயிறு திரித்துக்கொண்டிருந்தார். பெரியப்பா நேரே அவரிடம் போனார். தாளை அப்படியே போட்டுவிட்டுக் கதவோரம் போய் நின்றேன்.

"ஒன் மகன் ஒப்பந்தம் எழுதப் போறானாமே" என்றார். அப்பா கயிற்றைத் திரித்துக்கொண்டே இருந்தார். "அன்னைக்கு நீ பேப்பரப் படிச்சே, நாங்க வெதைய ஒடைச்சோம். இன்னைக்கு ஒன் மகனே எழுதப் போறான். எந்த ஊர்ல எவன் எதை ஒடைக்கப் போறானோ."

அப்பாவின் கையில் கயிறு நின்றுவிட்டது. இனி இந்த வீட்டிலிருந்து உனக்குப் 'போய் வா' கிடைக்காது, எழுதினதைக் கிழித்துப் போட வேண்டியதுதான் என்று நினைத்தேன். உள்ளதைச் சொல்கிறேன், பெரியப்பாவின்மேல் எனக்கு ஆத்திரம் பொங்கியது. வயதான மனுஷர், பிள்ளையைப் பறிகொடுத்தவர் என்பதெல்லாம் அந்த நிமிஷம் எனக்கு ஞாபகம் வரவில்லை. வாசற்படி இறங்கி என்னமோ சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அப்பா எழுந்து நின்றுவிட்டார்.

"அண்ணே, முருகேசன நான் அனுப்பல" என்றார். கயிற்றைக் கீழே போட்டார். "அனுப்பலன்னும் என்னால சொல்ல முடியலண்ணே. அதான் பேச்சே வரமாட்டேங்குது."

பெரியப்பா அவரையே பார்த்தார். தடியைச் சுவரில் சாய்த்தார். "நானும் அன்னைக்கு ஒடைக்க மாட்டேன்னு சொல்லியிருக்கலாம். வெல ஆச எனக்கும்தான் இருந்துச்சு. ஒன்னயவே எத்தன நாளைக்குக் குத்தஞ் சொல்றது?" என்றார். பிறகு என்ன நினைத்தாரோ, வலது கையை நீட்டினார். "துண்ட எடு. பய போகட்டுமா, வேண்டாமா? பேசுவோம்."

தம்பி, உன் அப்பா கொடியிலிருந்து துண்டை எடுத்தார். எத்தனை வருஷத்துக்குப் பிறகு! இரண்டு கிழவர்களும் கையின்மேல் துண்டைப் போட்டுக்கொண்டு நின்றார்கள். துண்டு அசைகிறது, நிற்கிறது, மறுபடி அசைகிறது. பெரியப்பா தலையை ஆட்டுகிறார், அப்பா மாட்டேன் என்று முகத்தைத் திருப்புகிறார், பெரியப்பா கண்ணாலேயே அதட்டுகிறார். ஒரு சத்தமில்லை. எனக்கு முதலில் கண் கலங்கியது, அடுத்த நிமிஷமே எரிச்சல் வந்தது. பெற்றவள் நான் இங்கே நிற்கிறேன், என் பிள்ளையைப் பற்றிய பேரம் துண்டுக்கு அடியில் நடக்கிறது, எனக்குத் துணி அசைவது மட்டும்தான் தெரிகிறது! அந்தக் காலத்துச் சந்தையில் கடலைக்காரன் எப்படி நின்றிருப்பான் என்று அப்போதுதான் எனக்கு முழுசாகப் புரிந்தது. "ஏங்க, நானும் இங்கனதான் இருக்கேன்!" என்று கத்திவிட்டேன். பெரியப்பா என் முன்னால் சிரித்து நான் பார்த்ததே இல்லை, இன்றைக்குச் சிரித்தார். கையை உருவிக்கொண்டு, "வாத்தா, நீயும் ஒன் வெலயச் சொல்லு" என்று ஒதுங்கி நின்றார்.

நான் போய்த் துண்டுக்குள் கையை விட்டேன். எங்கள் சாதியில், எந்தச் சாதியிலும், எந்தப் பொம்பளையும் இப்படிச் செய்ததில்லை. உன் அப்பாவின் கை சில்லென்று இருந்தது. அவருடைய ஒரு விரலைப் பிடித்தேன். ஒரே பிள்ளை, பத்திரமாகத் திரும்பி வர வேண்டும், அதுதான் என் விலை. அவருக்குப் புரிந்தது. பிறகு என் முழுக் கையையும் சேர்த்துப் பிடித்தார். நன்றாக அழுத்திப் பிடித்தார், இன்னும் வலிக்கிறது.

"சரி" என்றார். வாய் திறந்து, காதில் விழுகிற மாதிரி. "போயிட்டு வரச் சொல்லு. ஒண்ணு மட்டும் எழுது. எவன் எவ்வளவு நல்ல வெல சொன்னாலும், வெதைக்கு வச்சது போக மிச்சத்தத்தான் பேசணும்னு எழுது. எது வெதைன்னு அவனுக்குத் தெரியலன்னா, கையெழுத்துப் போட விடறதுக்கு முன்னாடி இங்கிட்டு எங்களக் கேக்கச் சொல்லு."

எழுதிவிட்டேன். நீ பின்னால் உட்காருகிற சின்ன ஆள், உன் பேச்சை அங்கே யார் கேட்பார்கள் என்று உனக்குத் தோன்றும். குறிப்பு எழுதுகிறவன் நீதானே? அதில் எழுது. கேட்கிறவர்கள் கேட்கட்டும், கேட்காதவர்கள் படித்தும் விட்டுவிட்டார்கள் என்று இருக்கட்டும். இரண்டு தேசத்துப் பெரியவர்கள் துண்டைப் போட்டுக்கொண்டு நிற்கிற இடத்தில், துண்டுக்குள் எங்கள் விரல் இல்லை. நீ பக்கத்தில் இருப்பாய். கம்பளிச் சட்டை வாங்கிக்கொள், குளிர் தேசமாம். கிடைத்ததைச் சாப்பிடு, அங்கே போய் உன் நாக்குக்கு ராஜோபசாரம் எதிர்பார்க்காதே.

மேலே விட்டிருந்த இடத்தை நான் நிரப்பவில்லை. பேனாவை அப்பாவிடம் கொடுத்தேன். கடிதத்தைப் பிரித்ததும் நீ பார்த்திருப்பாய், கோணலாக 'சரி' என்று ஒரே ஒரு வார்த்தை. அவ்வளவுதான் எழுதினார். எழுதிவிட்டு மையை ஊதிக்கொண்டே வெகுநேரம் வைத்திருந்தார்.

பெரியப்பாதான் இந்தக் கடிதத்தை ஆலங்குடிக்கு எடுத்துப் போகிறேன் என்கிறார், கரியில் ஓடுகிற அந்தத் தபால் பஸ் கிளம்புவதற்குள் போய்ச் சேர வேண்டும் என்று அவசரப்படுத்துகிறார். வாசலில் நின்றுகொண்டு, அவன் எழுதின கடுதாசியைப் படி, கேட்போம் என்றார். படித்தேன். 'மொத்தத்தில் தேசத்துக்கு லாபம்' என்ற இடம் வந்ததும் கையை உயர்த்தி நிறுத்தினார். மறுபடி படிக்கச் சொன்னார். படித்தேன்.

"நல்லாத்தான் எழுதியிருக்கான்" என்றார். "அந்த மொத்தத்துல எங்க முருகேசனயும் சேத்துக் கூட்டச் சொல்லு."